ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு

ஹெல்மெட்டுக்குள் வேறு யாருடைய தலையோ இன்னும் மிச்சமிருக்கிறது. தேங்காயெண்ணெய், கொஞ்சம் வியர்வை, நேற்றோ முந்தாநாளோ வந்துபோன யாரோ பூசிய பவுடர். மூச்சு விட்டால் கண்ணாடி மூடிக்கொள்கிறது, ஏரி காணாமல் போகிறது, பிறகு நடுவிலிருந்து மெல்லத் தெளிந்து திரும்பி வருகிறது. இதுவும் நல்லதுதான், ஏரி காணாமல் போகும்போது டீக்கடைக்கு முன்னால் இருப்பவர்களும் சேர்ந்து காணாமல் போகிறார்கள். பெஞ்சின் ஒரு முனையில் டாக்டர் முபாரக், பல் டாக்டர், எங்கள் சைக்கிள் குழுவை ஆரம்பித்தவர், முட்டியில் இன்னும் பிளாஸ்திரி. மறுமுனையில் ஜம்பு அண்ணன், மண்பாதையில் ஓட்டுகிற நாலு சக்கர பைக்குகளை வாடகைக்கு விடுகிறவர், பட்டையான விபூதி, இரண்டு டீயையும் தானே சொல்லிவிட்டு எதையுமே குடிக்காமல் இருக்கிறார். நடுவில் யாரும் உட்காரவில்லை, ஒரு பன் தட்டு மட்டும் இருக்கிறது. ஒரு ரவுண்டு. எங்கள் மலை ஏரியைச் சுற்றி ஒரே ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, வாயைத் திறந்து, சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பல் தேய்க்கும்போதும் அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன், சட்டை மாட்டும்போதும் சொல்லிக்கொண்டேன், இப்போது அந்த வார்த்தையே தேய்ந்துபோய் அர்த்தமில்லாத ஒரு சத்தமாகிவிட்டது. அவ்வளவுதான் அவ்வளவுதான்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை டாக்டர் உண்ணிச்செடிப் புதருக்குள் விழுந்ததில் ஆரம்பித்தது. வளைவில் வரிசையாக வந்த வண்டிகளுக்கு வழிவிடப் போய், செம்மண் புழுதியில் பாதை தெரியாமல், சைக்கிளோடு உள்ளே போய்விட்டார். எழுந்து வந்து இதே பெஞ்சில் உட்கார்ந்து, "இது சைக்கிள் போற பாதைங்க, எங்க நுரையீரல்ல பாதி செம்மண்ணு!" என்று கத்தினார். ஜம்பு அண்ணனும் விடவில்லை. "சைக்கிள் பாதைன்னு போர்டு எங்க கீது டாக்டரே? ஏரிக்கரை இது. ஒரு தடவையாச்சும் வண்டியில உக்காந்து பாத்தீங்களா? பல்லுல கை வெக்கறதுக்கு முன்னாடியே வலிக்குதுன்னு அழற ஆளு மாதிரி இருக்கு நீங்க பேசறது." அதற்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள், டாக்டரும் சிரித்துவிட்டு, சிரித்துவிட்டோமே என்று இன்னும் கோபமானார். அப்போதுதான் ஜம்பு அண்ணன் பந்தயம் மாதிரிச் சொன்னார், உங்க ஆளு ஒருத்தர அனுப்புங்க, ஒரு ரவுண்டு உக்காரட்டும், எறங்கி வந்து வேணாம்னு சொன்னா காலைல என் வண்டி இந்தப் பக்கமே வராது, பரவால்லன்னு சொன்னா நீங்க அதோட வாய மூடிக்கணும். டாக்டர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நான் குனிந்து சைக்கிள் செயினில் இல்லாத ஒரு சிக்கலைத் தேடிக்கொண்டிருந்தேன். "எழில் போகட்டும். நம்ம கூட இத்தனை நாளா வருது, ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசாத பொண்ணு பொய் பேசாது." கைதட்டினார்கள். முடியாது என்று சொல்வதற்கும் பேசத்தானே வேண்டும், சும்மா சிரித்து வைத்தேன். உண்மையில் டாக்டர் சரியான ஆளைத்தான் பிடித்தார், அவருக்கு அது தெரியாது, இந்த வண்டிகளை அந்தக் கூட்டத்திலேயே அதிகம் வெறுத்தது நான்தான். மற்றவர்களுக்கு இது உடற்பயிற்சி. எனக்கு ஒரு நாளில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம் இது ஒன்றுதான். நாற்றுப்பண்ணையில் செடிகளுக்குப் பெயர் எழுதி நடுகிற வேலை, அங்கேகூட வாங்க வருகிறவர்கள் ஏதாவது கேட்டுவிடுகிறார்கள், இது நிழல்ல வருமா, பூக்குமா, எப்போ பூக்கும். ஏரி கேட்காது. அந்தக் காலை நேரம் எனக்கு வேண்டும், அதைக் காப்பாற்றத்தான் இந்த ஹெல்மெட்டுக்குள் தலையை விட்டிருக்கிறேன்.

"ஸ்டெல்லா!" என்று ஜம்பு அண்ணன் கூப்பிட, ஷெட்டுக்குப் பின்னாலிருந்து கறுப்பு ஹெல்மெட் வருகிறது. அந்த ஹெல்மெட்டை எனக்குத் தெரியும், இடது பக்கம் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டியது, எப்போதும் வரிசையில் கடைசியாக வருவது, என்னைத் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் கையை மடக்கி உயர்த்திக் குத்துவேன் என்று காட்டிவிட்டுப் போவது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அம்மா சைக்கிளை விற்றுவிடுவாள், அப்பா ஜம்பு அண்ணனிடம் போய் நிற்பார், பிறகு ஊரே என்னிடம் கேட்கும். அதனால் அந்தக் கைக்கு நானே ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தேன், தடித்த மீசை, குண்டான கழுத்து, சைக்கிள் ஓட்டும் பெண்களைக் கண்டால் ஆகாதவன், வீட்டில் தங்கையை அடிப்பவன். தங்கைக்குக்கூட ஒரு முகம் கொடுத்து, அவளுக்காக ஒரு நாள் அழுதும் இருக்கிறேன். அவன் பின்னால் உட்கார்ந்து போவதா? அதற்குள் ஹெல்மெட் கழன்றுவிட்டது. உள்ளே ஒரு பெண், வட்ட முகம், ஒற்றைக்கல் மூக்குத்தி, வாயில் இரண்டு ஹேர்பின். ஹேர்பின்களைக் கடித்துக்கொண்டே, "நீதானா அது? வா. இன்னா இவ்ளோ லூசா மாட்டிருக்க, இப்பிடிப் போனா உன் தலை ஒரு பக்கம் போகும், ஹெல்மெட் ஒரு பக்கம் போகும்" என்று என் தாடைக்குக் கீழே வாரை இழுக்கிறாள். விரல்கள் ஜில்லென்று இருக்கின்றன. மீசைக்காரனும் அவன் தங்கையும் எங்கே போவார்கள் என்று தெரியாமல் என் தலைக்குள் நிற்கிறார்கள். "எம் பேரு ஸ்டெல்லா. அக்கான்னு கூப்பிடு, மேடம் கீடம்னா தண்ணியில எறக்கி விட்டுருவேன்." தலையாட்டுகிறேன், ஹெல்மெட் என்னைவிடக் கொஞ்சம் தாமதமாக ஆடுகிறது.

அக்கா கட்டைவிரலால் கைப்பிடியில் இருக்கும் ஒரு சின்ன லீவரை அழுத்துகிறாள், அவ்வளவுதான், மறுபடி அந்த வார்த்தை, முழு வண்டியும் என் தொடைகளுக்குக் கீழே பொங்குகிறது. இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன், கம்பி நடுங்குகிறது, என் கை நடுங்குகிறது, எது எதை நடுங்க வைக்கிறது என்று தெரியவில்லை. டீக்கடை பின்னால் போகிறது. முதலில் புங்கமரத்து வேர் வரும், சைக்கிளில் வந்தால் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற இடம், அந்த வேருக்கு எத்தனை முடிச்சு, எதில் பாசி, எல்லாம் தெரியும், வரப்போகிறது, இதோ, எங்கே, அது போயே போய்விட்டது. பெரிய டயர்கள் வேரை வாயில் போட்டு விழுங்கிவிட்டு எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகின்றன. அடுத்து மணல் பள்ளம், அதுவும் இல்லை. என் பாதை எனக்குத் தெரியாத ஒரு பாதையாகிவிட்டது. இதைச் சொல்லலாம், பாதையே தெரியவில்லை என்று சொல்லலாம், டாக்டருக்குப் பிடிக்கும், ஆனால் சொல்லும்போது குரல் உள்ளேயே நின்றுவிட்டால்? எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வில் அப்படித்தான் ஆனது. கையில் ஒரு பூவைக் கொடுத்துக் குடும்பம் சொல்லச் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னேன், வெளியூர்ப் பேராசிரியர் காதைக் கிட்டே கொண்டுவந்து, "சத்தமா சொல்லும்மா, உன் கையில இருக்கற பூவுக்கே கேக்கல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பூ மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் நிறுத்தத்தைச் சொல்ல முடியாமல் அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்த நாட்கள் எத்தனையோ. கண்டக்டருக்குத் தெரிந்துவிட்டது, இப்போதெல்லாம் என்னைப் பார்த்தாலே அவரே விசில் ஊதுகிறார். ஒரு விசிலை நம்பி வாழ்கிற நான் இன்று இத்தனை பேருக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லப் போகிறேனாம். வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்குகிறது, வயிறு மட்டும் ஒரு கணம் மேட்டின் மேலேயே தங்கிவிட்டுப் பிறகு ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது, என் தொண்டையிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வருகிறது. சிரிப்பா அது? அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டிருக்காது. இன்னொரு மேடு. மறுபடி அது. சிரிப்புதான்.

கூடாது, சிரிக்கக் கூடாது, நான் வேலையாக வந்திருக்கிறேன். முகத்தை ஒழுங்கு செய்துகொள்கிறேன், ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்றாலும். எதிரே ஒரு சைக்கிள் வருகிறது, மலையில் தங்க வந்தவர் போலிருக்கிறது, தொப்பி போட்ட மெலிந்த மனிதர், ஓரமாக ஒதுங்கிக் காலை ஊன்றி நிற்கிறார். ஸ்டெல்லா அக்கா வேகத்தைக் குறைத்து, அவரைத் தாண்டும்போது இடது கையை மடக்கி உயர்த்துகிறாள். அதே கை. அவர் முகம் சுருங்குவதை நான் பார்க்கிறேன், என் முகம்தான் அது, இத்தனை நாளும் வெளியிலிருந்து நான் பார்க்காத என் முகம். அக்காவின் தோளைத் தட்டி, "ஏன்க்கா?" என்கிறேன். கேட்கவில்லை. "ஏன்க்கா கை ஓங்குறீங்க?" கேட்கவில்லை. ஹெல்மெட்டோடு ஹெல்மெட்டை முட்டி, என் வாழ்நாளில் முதல்முறையாக, நுரையீரல் முழுவதையும் செலவழித்துக் கத்துகிறேன், "ஏன் அவரைக் குத்த வர்றீங்க?" அக்கா வண்டியை நிறுத்திவிடுகிறாள். திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள். "குத்தறேனா? யார? நான் கடைசி வண்டின்னு சொல்றேன் பாப்பா. முன்னாடி போறவரு விரல் காட்டுவாரு, பின்னாடி இன்னும் எத்தன வண்டி வருதுன்னு. மூணுன்னா மூணு விரல். கடைசியா வர்ற ஆளு கையை மூடிக் காட்டணும், முடிஞ்சிச்சு, இனிமே யாரும் இல்ல, நீங்க பாட்டுக்குப் போங்கன்னு. இன்னிக்கு நம்ம வண்டி ஒண்ணுதான், அதனால எடுத்ததுமே மூடிட்டேன். ட்ரெயினிங்ல மொத நாள் சொல்லிக் குடுத்தது. ஏன், உங்களுக்கு யாரும் சொல்லலயா?" யாரும் சொல்லவில்லை. மூன்று விரல். டாக்டர் போன ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டதே பாதி அதற்காகத்தான், "விழுந்து கெடக்கறேன், முன்னாடி போறவன் திரும்பி மூணு விரலைக் காட்டி எனக்கு நாமம் போட்டுட்டுப் போறான்யா!" என்று. அவர் விழுந்ததை அந்த ஆள் பார்க்கவேயில்லை, இன்னும் மூன்று வண்டி வருகிறது, ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறான். மடிந்து சிரிக்கிறேன். நிறுத்த முடியவில்லை. காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவும் சிரிக்க ஆரம்பித்து, மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, அதான் அந்த டாக்டர் எங்களப் பாத்தா எப்பவும் நெத்தியத் தொடச்சிக்கறாரா?" என்கிறாள். மீசைக்காரன் என் தலையிலிருந்து இறங்கி, தங்கையைக் கூட்டிக்கொண்டு, எங்கோ நல்லபடியாகப் போய்விடுகிறான்.

மறுபடி கிளம்புகிறோம், நான் ஒன்றைக் கவனித்துவிட்டேன், அதை மனதில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நான் கத்தினேன். கத்தியது அக்காவுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அப்படியானால் இந்த எஞ்சினுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் எவ்வளவு கத்தினாலும் உலகத்துக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க, மெதுவாக, "ஏய்" என்கிறேன். ஒன்றுமில்லை. "ஏய்!" கரையில் நிற்கும் ஒரு மடையான் கொக்கு கூடத் திரும்பவில்லை. "எழிலரசி!" என்று என் பெயரையே கத்துகிறேன், என் வாயில் என் பெயர் இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "அந்தப் பூ ஊமத்தங்குடும்பம் சார்! சொலனேசி! அப்பவே சொன்னேன்!" என்று அந்த வெளியூர்ப் பேராசிரியருக்குச் சொல்கிறேன். "இறக்கம்! எறக்கம்! ஸ்டாப்பிங் வந்திருச்சு!" என்று கண்டக்டருக்குச் சொல்கிறேன். பண்ணைக்கு வந்து ஒரே ரோஜாச்செடியை ஆறு தடவை எடுத்து ஆறு தடவை வைத்துவிட்டுப் போகிற அந்த அம்மாளுக்கு, "வாங்கறதுன்னா வாங்குங்க!" என்று சொல்கிறேன். தொண்டை சூடாகி, லேசாக வலித்து, நன்றாக இருக்கிறது. வெயில் இப்போது தண்ணீரில் சரிந்து கிடக்கிறது, கலிங்கு மேல் தண்ணீர் மெல்லிசாக வழிகிறது, ஈரமான சில்வர் ஓக் மரங்களின் வாசனை ஹெல்மெட்டின் பவுடர் வாசனையைத் தள்ளிவிட்டு உள்ளே வருகிறது, இதையெல்லாம் நான் பார்த்தபடி கத்திக்கொண்டிருக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எப்படி நான் வேண்டாம் என்று சொல்வேன்? வேண்டாம் என்று சொல்லாவிட்டால் என் காலை போய்விடும். வேண்டாம் என்று சொன்னால் அது பொய். பேசாத பொண்ணு பொய் பேசாது என்று ஏன் சொன்னார் அந்த மனுஷர்.

மதகைத் தாண்டிக் கரை நேராகப் போகிற இடத்தில் அக்கா மறுபடி நிறுத்துகிறாள். "முன்னாடி வா. நீ ஓட்டு." "நானா?" "பின்ன, நானா சைக்கிள் பஞ்சாயத்துக்குப் பதில் சொல்லப் போறேன்? ஓட்டாமப் போயி இன்னாத்த சொல்லுவ?" இடம் மாறி உட்காரும்போது கேட்டுவிடலாமா வேண்டாமா என்று யோசித்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் தைரியத்தில் கேட்டுவிடுகிறேன், காலையில் வண்டி எடுக்கக் கூடாது என்றால் உங்கள் வேலை என்னாகும் என்று. அக்கா ஹெல்மெட் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைக்கிறாள். "சூரியன் உதிக்கறதப் பாக்கத்தான் குடும்பமா வராங்க. பொம்பளைங்க, சின்னப் புள்ளைங்க இருந்தா நான் ஓட்டணும்னுதான் என்ன வெச்சிருக்காங்க. காலை இல்லன்னா சாயங்காலம் வான்னு சொல்லலாம், வராதன்னும் சொல்லலாம். ஜம்பு அண்ணன் மனசு, யாருக்குத் தெரியும்?" பிறகு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். "அதுக்காக எனக்குச் சாதகமாச் சொல்லிடாத. உம் மூஞ்சி இருக்கு பாரு, பொய் சொன்னா போஸ்டர் ஒட்டின மாதிரித் தெரியும்." கட்டைவிரலை வைக்கிறேன். கொஞ்சமாக அழுத்துகிறேன். வண்டி கேட்கிறது. கட்டைவிரல் சொல்வதை ஒரு இரும்பு உடம்பு இவ்வளவு பணிவாகக் கேட்பது வெட்கமாகக்கூட இருக்கிறது, மன்னிச்சுக்கோ என்று சொல்லத் தோன்றுகிறது. இன்னும் கொஞ்சம். கரை என்னை நோக்கி ஓடிவருகிறது. கைப்பிடியை நேராக வைப்பதைத் தவிர உலகத்தில் வேறு எந்த யோசனையும் இல்லை. இல்லை, இருக்கிறது, ஒரு மூலையில் அது தட்டிக்கொண்டேதான் இருக்கிறது, என்ன சொல்வாய், என்ன சொல்வாய்.

கரை முடிகிற இடத்தில் சேற்றுக்குட்டை. வேகத்தைக் குறைத்து, எந்தப் பக்கம் ஆழம் குறைவு என்று பார்த்து, இடது பக்கம் ஒடிக்கலாம் என்று ஒடிக்கப் போகும்போது என் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம் முளைக்கிறது. சைக்கிள் சக்கரம். எங்கிருந்து வந்தது? கையை எடுத்துவிடுகிறேன், வண்டி நின்றுவிடுகிறது, ஸ்டெல்லா அக்கா என் தோள் வழியாக எட்டி பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறாள். ஒரு சாண் இடைவெளி. சைக்கிளில் வசுமதி அக்கா. எங்கள் குழுவில் எப்போதும் எல்லோருக்கும் பிறகு வருகிறவள், போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போயிருந்ததால் இந்தப் பஞ்சாயத்து எதுவும் தெரியாதவள். ஒரு காலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, மணியின் மேல் கட்டைவிரலை வைத்து அடித்துக்கொண்டேயிருக்கிறாள். விரல் போய்ப் போய் வருகிறது. சத்தம் வரவில்லை. ஊமை மணி ஒன்றை அடிக்கிற மாதிரி இருக்கிறது. எஞ்சினை அக்கா அணைத்த பிறகுதான் அது ட்ரிங் ட்ரிங் என்று எனக்கு வந்து சேர்கிறது, கூடவே அவள் குரலும். "காது என்ன செவிடா உனக்கு? அந்தக் கரையிலேருந்து அடிச்சிக்கிட்டு வரேன்! திமிரு! பொம்பளப் புள்ளைங்களும் இப்பிடி ஆரம்பிச்சிட்டீங்களா?" நான் ஹெல்மெட்டுக்குள் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. இதே வார்த்தையை, இதே திமிரு என்பதை, நான் எத்தனை காலை மனதுக்குள் சொல்லியிருப்பேன்? எவ்வளவு மெதுவாக, மரியாதையாக, ஒரே ஒரு தடவை மணியடித்துவிட்டு, அவர்கள் விலகவில்லை என்று எத்தனை தூரம் புழுதியைத் தின்றுகொண்டு பின்னாலேயே போயிருப்பேன்? யாரும் என்னை அலட்சியம் செய்யவில்லை. யாருக்கும் கேட்கவேயில்லை. வசுமதி அக்கா முணுமுணுத்துக்கொண்டே சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறாள், பாவம், புது ஷூ. ஸ்டெல்லா அக்கா என் பின்னால் மெதுவாக, "நிஜமாவே எனக்குக் கேக்கல பாப்பா" என்கிறாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை. "எத்தன பேரு இப்பிடி அடிச்சிருப்பாங்களோ?" இரண்டு பேரும் அந்த ஒரு சாணைப் பார்க்கிறோம். நான் ஒடித்திருந்தால். இன்னும் ஒரு நொடி முன்னால் ஒடித்திருந்தால் வசுமதி அக்கா சேற்றில் இருந்திருப்பாள், இந்த டயர்களுக்குக் கீழே, புங்க வேர் மாதிரி. நான் இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

மிச்சப் பாதியை அக்காதான் ஓட்டுகிறாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்பதுகூடச் சரியில்லை, ஒரே வளையத்தில் சுற்றுகிறேன், இந்த ஏரியைப் போல. கேட்காது, அதனால் ஒன்றாகப் போகக் கூடாது. ஒன்றாகப் போகக் கூடாது, அதனால் வேண்டாம். வேண்டாம் என்றால் ஸ்டெல்லா அக்கா. ஸ்டெல்லா அக்கா என்றால் பரவாயில்லை. பரவாயில்லை என்றால் வசுமதி அக்காவின் கால். கால் என்றால் வேண்டாம். ஜம்பு அண்ணன் இரண்டே கதவு வைத்திருக்கிறார், வேண்டாம் ஒன்று, பரவாயில்லை ஒன்று, டாக்டரும் சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், நான் இரண்டில் எதில் நுழைந்தாலும் பாதி உடம்பு வெளியே நிற்கும். இரண்டு வார்த்தையில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று யார் சொன்னது? ஜம்பு அண்ணன் சொன்னார். ஜம்பு அண்ணன் சொன்னால்? வண்டி ஒரு மேட்டில் ஏறுகிறது, வயிறு மறுபடி அங்கேயே தங்குகிறது, நான் இந்தத் தடவை அதற்காகக் காத்திருந்து, வந்ததும் சிரிக்கிறேன். பயத்தோடு சிரிக்க முடியும் என்று இன்று தெரிகிறது, இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருகின்றன. டீக்கடையின் நீலத் தார்ப்பாய் தெரிகிறது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். வசுமதி அக்கா குறுக்குப் பாதையில் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்து, ஷூவைக் கல்லில் தேய்த்தபடி எங்களைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் கீழே கவிழ்த்துக் காட்டுகிறார், வேண்டாம்னு சொல்லு என்று அர்த்தம், ஜம்பு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "டாக்டரே, காப்பி அடிக்க விடாதீங்க" என்பது போல் கையை ஆட்டுகிறார். எத்தனை கண்கள்.

வண்டி நிற்கிறது. இறங்குகிறேன், தரை இன்னும் நகர்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன், வசுமதி அக்கா ஷூவைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "அடிப்பாவி, நீயா?" என்கிறாள், உதடு அசைவதில் தெரிகிறது, காதுக்குள் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டர், "என்னம்மா?" என்கிறார். ஜம்பு அண்ணன், "வேணுமா வேணாமா, ஒரே வார்த்த" என்கிறார். ஒரே வார்த்தையா. "மணி கேக்கவே இல்ல!" என்கிறேன். டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்புகிறார். "வசுமதி அக்கா அந்தக் கரையிலேருந்து அடிச்சாங்க, எனக்கு ஒண்ணுமே கேக்கல! ஒரு சாண்ல போச்சு! யாருக்குமே கேக்காது, எவ்ளோ நல்லவங்க ஓட்டினாலும் கேக்காது! அதனால ஒரே நேரத்துல ரெண்டும் வேண்டாம்! விடியக்காலை சைக்கிளுக்கு, வெயில் ஏறினப்புறம் வண்டிக்கு!" புளியமரத்திலிருந்து இரண்டு மைனாக்கள் கிளம்பிப் போகின்றன. ஜம்பு அண்ணன் வாயைத் திறக்கிறார், அவர் தொடங்குவதற்குள் நான் அவர் பக்கம் திரும்பிவிடுகிறேன். "வண்டி ரொம்ப நல்லாயிருக்கு அண்ணே! சூரியன் உதிக்கறது போனா என்ன, மறையறதும் இதே ஏரியிலதான் மறையுது, அதைக் காட்டுங்க! பொம்பளைங்க அப்பவும் வருவாங்க, நான் வருவேன், ஸ்டெல்லா அக்கா ஓட்டினாத்தான் வருவேன்! டாக்டர், அது நாமம் இல்ல, பின்னாடி மூணு வண்டி வருதுன்னு அர்த்தம்!" டாக்டரின் கை தானாக நெற்றிக்குப் போய்ப் பாதியில் நிற்கிறது. ஜம்பு அண்ணன் ஆறிப்போன டீயை எடுத்து, ஒரே மடக்கில் குடித்து, தம்ளரை வைத்து, என்னைப் பார்க்கிறார், டாக்டரைப் பார்க்கிறார், பன் தட்டை இடது கையால் நகர்த்திவிட்டு பெஞ்சின் நடுவுக்கு நகர்ந்து உட்கார்கிறார். "ஏன் டாக்டரே, எங்க கீது உங்க ஊமைப் பொண்ணு? இது வேற யாரையோ அனுப்பிட்டீங்க." பிறகு ஸ்டெல்லா அக்காவிடம், "நாளைலேருந்து சாயங்காலம் வந்துரு, காலைல தூங்கு" என்கிறார். டாக்டர் முதலில் சிரிக்கிறார், பிறகு எல்லோரும். ஸ்டெல்லா அக்கா பின்னாலிருந்து வந்து என் தோளில் கை வைத்து, காதோரமாகக் குனிகிறாள். "அது சரி பாப்பா, ஏன் இன்னும் இவ்ளோ கத்தற? வண்டி எப்பவோ நின்னு போச்சே."

"தெரியும்!" என்கிறேன், அதே சத்தத்தில்.